பைன் தீவில் பாட்டு இல்லை

உர்வே சொன்னால் சொன்னதுதான். சதுப்பைச் சுற்றியிருக்கும் ஊர்களில் அதை மறுத்துப் பேசியவர் கிடையாது. எந்தத் தீவில் எத்தனை கருஞ்சேவல் பாடுகிறது, எது கிழடு, எது புதுசு, எது பக்கத்துக் களத்தில் உதைபட்டு ஓடிவந்தது என்று வனத்துறைக்கு வருஷாவருஷம் சொல்லிவருகிறவள் அவள்தான். சம்பளம் ஒன்றும் கிடையாது. சம்பளம் கொடுத்தால் அவளை யாராவது வேலை ஏவ வேண்டியிருக்கும். அந்தத் தைரியம் எஸ்டோனியாவின் அந்த மூலையில் யாருக்கும் இல்லை.

ஆகவே அந்த ஏப்ரலில் அவள் வனத்துறை ராய்வோவைத் தொலைபேசியில் அழைத்து, "பைன் தீவுல பாட்டு இல்ல" என்று சொன்னபோது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. விடியறவரைக்கும் நின்னேன். மூணு தடவ போனேன். செத்துப்போச்சு அந்தக் களம்."

நல்லாக் கேட்டீங்களா என்று அவன் கேட்கவில்லை. உர்வேயிடம் அப்படிக் கேட்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு.

தீவு என்றால் கடலில் இருக்கும் தீவு அல்ல. பாசியும் தண்ணீருமாகப் பரந்து கிடக்கும் சதுப்பின் நடுவில் மேடாக எழுந்து நிற்கும் காடு. அங்கே உயரமான கிழட்டுப் பைன்களும் அடியில் புளூபெர்ரிப் புதரும் இருக்கும். வான்கோழி அளவுள்ள காட்டுக்கோழிகளான கருஞ்சேவல்கள் பனி உருகும் காலத்தில் விடியற்காலையில் அங்கே கூடி, வாலை விசிறியாக விரித்து, பெட்டைகளுக்காகப் பாடும். அவற்றின் அப்பன்களும் அதே இடத்தில்தான் பாடின. களம் மாறாது. பாட்டு இருக்கும்வரை அந்தக் காட்டில் ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்பது சட்டம். பாட்டு நின்றுவிட்டால் கோடைக்குப் பிறகு எந்திரம் உள்ளே போகலாம்.

எந்திரம் உர்வேயின் தம்பி ஹெல்டுருடையது. எட்டுச் சக்கரம், நீண்ட கை, ஒரு பைனைப் பிடித்து அறுத்து, கிளை சீவி, துண்டு போட்டுக் கீழே வைக்க அதற்கு ஒரு வாய்க் காப்பி குடிக்கும் நேரம் போதும். அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த வாரத்திலேயே பைன் தீவை வெட்ட உத்தரவு வந்தால் அந்த வேலை தம்பிக்குத்தான் என்று பேச்சாகிவிட்டது. அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் தம்பிமேல் கோபப்படவில்லை. சேவல் இல்லாத காடு வெறும் மரம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்டுரின் மனைவி மாரிகா கறுப்பு ரொட்டியும் ஒரு ஜாடி ஊறவைத்த மீனும் எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல பெண். மெலிந்த குரல். அவள் பேசினால் உர்வேக்குப் பாதி புரியாது. முணுமுணுக்காமல் பேசு என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள்.

காப்பியை ஊற்றிக்கொண்டே மாரிகா முகம் சுளித்தாள்.

"அண்ணி, இத எப்படித்தான் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க? எனக்குத் தல வெடிக்குது."

"எத?"

மாரிகா கூரையைக் காட்டினாள். அங்கே வெள்ளைத் தட்டுப்போல, புகை வந்தால் அலறும் புகைமணி இருந்தது. "பாட்டரி தீர்ந்துபோச்சு. நிமிஷத்துக்கொரு தரம் கத்துது பாருங்க."

"எங்க கத்துது? அது பாட்டுக்குச் சும்மாதான கிடக்கு."

"இதோ. இப்ப கத்துச்சே."

உர்வே கோப்பையை வைத்துவிட்டுக் கூரையையே பார்த்தாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. வெளியே வயலில் கொக்குகள் கத்துவது அட்டகாசமாகக் கேட்டது. கூரையில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கி அணைந்தது. மாரிகாவின் தோள் லேசாகத் துள்ளியது. உர்வேக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"மறுபடியுமா?" என்றாள்.

மாரிகா தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வயசானா எல்லாருக்குமே அண்ணி, கொஞ்சம்…"

"யாருக்கு வயசாச்சு? எழுந்து வா."

வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையில் சமையல் கத்தியும் தீட்டுகல்லும் கொடுத்து, விறகுக் குவியல் பக்கம் போய் நின்று தீட்டச் சொன்னாள். தான் போய்க் கிணற்றடியில் நின்றாள். மாரிகா தீட்டினாள். கை போய்ப் போய் வந்தது. வேலியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை காதைத் திருப்பியது. உர்வேக்குக் கை ஆடுவது தெரிந்தது, அவ்வளவுதான். இன்னும் அழுத்தித் தீட்டு என்று சைகை காட்டினாள். மாரிகா அழுதுகொண்டே அழுத்தித் தீட்டினாள்.

"போதும்," என்றாள் உர்வே. "கத்தி தேஞ்சிரும்."

கருஞ்சேவலின் பாட்டு உருவத்துக்குச் சற்றும் பொருந்தாதது. கொக்குபோல ஊரைக் கூட்டாது. முதலில் காய்ந்த குச்சியைத் தட்டுவதுபோல டக், டக் என்று தனித்தனியாக வரும். பிறகு நெருங்கும். பாட்டிலிலிருந்து தக்கையை இழுத்ததுபோல ஒரு சத்தம். உடனே கத்தி தீட்டுகிற மாதிரி மெல்லிசாக ஒரு கீச்சல், மூன்று மூச்சு விடும் நேரம். எல்லாமே உயர்ந்த, மெல்லிய ஒலி. உர்வேயின் காதில் கழன்று விழுந்தது சரியாக அந்த ஒலிகள்தான். மற்றதெல்லாம் கேட்டதால் காது போனது அவளுக்கே தெரியவில்லை. காடு ஊமையாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே பூட்ஸை மாட்டிக்கொண்டு பைன் தீவுக்குப் போனாள். பகலில் களத்தில் நடமாடுவது அவளே ஊருக்கெல்லாம் விதித்த தடை. அதை அவளே மீறினாள். பெரிய பைன்களின் அடியில் குனிந்து, தவழ்ந்து, புதரை விலக்கித் தேடினாள். மூன்றாவது மரத்தடியில் கிடந்தது. விரல் கனத்தில், பைன் ஊசியிலை அரைத்த பச்சை நிறத்தில் எச்சம், ஒரு குவியல். உடைத்துப் பார்த்தாள், உள்ளே ஈரம். நிழலில் உருகாமல் மிச்சமிருந்த பனித்திட்டில் இருபுறமும் கோடு இழுத்த காலடி. சேவல் இறக்கையைத் தொங்கவிட்டுப் பனியைக் கீறிக்கொண்டு நடந்த தடம் அது. ஓரமெல்லாம் பனி உருகித் தடம் பாதி கரைந்திருந்தது.

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தன் காலுக்கு முன்னால் அவை பாடியிருக்கின்றன. அவள் நின்றுகொண்டு இருந்திருக்கிறாள், மரம் மாதிரி. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு எழுந்து ராய்வோவை அழைத்தாள்.

"களத்துல சேவல் இருக்கு. எச்சம் பாத்தேன், தடம் பாத்தேன்."

"உர்வே, வெள்ளிக்கிழமை முடிவு பண்ணப்போறாங்க. எச்சம் பெட்டையும் போடும். தடம் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள உருகிடும். பாடற சேவல யாராவது பாத்திருக்கணும். இல்ல ஒரு படம் இருக்கணும்."

"நான் சொல்றேனே, போதாதா?"

"இல்லன்னு சொன்னதும் நீங்கதான." அவன் குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் இன்னும் சுட்டது.

"அப்ப நீ வந்து பாரு."

"எனக்குக் கிட்டப் போகத் தெரியாது. போன தடவ வந்து ரெண்டு சேவலக் கெளப்பிவிட்டேன்னு நீங்களே கடைத்தெருவுல சொல்லிச் சிரிச்சீங்க. பாட்டப் பதியற பெட்டி வச்சுப் பாக்கவும் இனி நாள் இல்ல. ஒரு படம் கொண்டாங்க, நான் சண்ட போடறேன்."

காது விஷயத்தை அவள் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள்.

கிட்டப் போவது என்பது இதுதான். கீச்சல் ஒலி எழும்பும் அந்த மூன்று மூச்சு நேரம் கருஞ்சேவலுக்குக் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாலும் தெரியாது. அப்போது இரண்டு எட்டு, மிஞ்சினால் மூன்று எட்டு வைக்கலாம். கீச்சல் நின்றதும் எந்த நிலையில் இருக்கிறோமோ அந்த நிலையில் சிலையாகிவிட வேண்டும். அடுத்த கீச்சல் வரும்வரை மூச்சுகூட மெதுவாகத்தான். பாட்டுக்கு இரண்டு எட்டாக, விடியும்வரை நடந்தால் மரத்தடிக்குப் போகலாம். பாட்டு கேட்காதவள் எப்போது அடி எடுத்து வைப்பாள்? தப்பான நேரத்தில் ஒரு குச்சி முறிந்தால் சேவல் பறந்துவிடும். அந்த வசந்தத்தில் திரும்பி வருமோ, வராதோ.

அந்த ஊரில் கிட்டப் போகத் தெரிந்த இன்னொரு ஆள் ஹெல்டுர் மட்டும்தான். சின்ன வயதில் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து நாக்கால் டக் டக்கென்று சொடுக்குவார், பிறகு கத்தியைக் கல்லில் தீட்டுவார். பிள்ளைகள் இரண்டும் முற்றத்தின் மறுகோடியிலிருந்து வரவேண்டும். தீட்டும்போது மட்டும் நகரலாம். மற்ற நேரம் அசைந்தால் அன்றைக்குப் பான்கேக் கிடையாது. ஹெல்டுர் பான்கேக்குக்கு உயிரை விடுவான்.

அவன் கொட்டகையில் எந்திரத்தின் அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. உர்வே அந்தக் காலைப் பூட்ஸால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வெளிய வா. பேசணும்."

வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புகைமணியை, கத்தியை, எச்சத்தை. தன் காதைப் பற்றிச் சொல்லும்போது அவனைப் பார்க்காமல் எந்திரத்தின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் கையைத் துணியில் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்கிட்டயா வந்து கேக்கற அக்கா?"

"வேற யாருகிட்ட கேக்க? இருக்கறது நீ ஒருத்தன். என் நேரம் அப்படி."

"அந்தக் காடு வெட்டலன்னா எனக்கு இங்க வேல இல்ல. மறுபடி ஃபின்லாந்துதான். போன தடவ லீவுல வந்தப்ப பாப்பா என்னப் பாத்துட்டு அவ அம்மா பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. யாரோ மாமா வந்திருக்கார்னு சொன்னா. ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு."

"இருந்துமா கேக்கற?"

"இருந்தும்தான் கேக்கறேன். இருக்கறத இல்லன்னு சொல்லிட்டேன், ஹெல்டுர். என் வாயால சொன்னத என் வாயாலயே திருப்பணும். உன்ன வெட்டாதன்னு சொல்ல வரல. வந்து கேளுன்னுதான் சொல்றேன். பாட்டு இல்லன்னா நீ தாராளமா வெட்டிக்க."

"நான் கேட்டுட்டு, இல்லன்னு சொன்னா? நம்புவியா?"

"உன் மூஞ்சியப் பாத்தாத் தெரியும்."

"அந்த இருட்டுல என் மூஞ்சியப் பாத்துக் கிழிச்ச."

மாரிகா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவரும் கவனிக்கவில்லை. "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னாள். இந்தத் தடவை உர்வேக்கு நன்றாகவே கேட்டது.

மறுநாள் கிழக்கே வானம் சாம்பலாகத் தொடங்கும் முன்பே இருவரும் மண்பாதையில் காரில் போனார்கள். வழியில் ஆல்டர் தீவு. போன வருஷம்வரை அதுவும் காடு. இப்போது அடிக்கட்டைகளும் சேற்றில் சக்கரத் தடமும்தான். கார் விளக்கு அதன்மேல் விழுந்து விலகியது. அப்புறம் காரை நிறுத்திவிட்டு நடை. சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதை, உறைபனியில் வழுக்கியது. ஹெல்டுர் முன்னால், உர்வே பின்னால். தூரத்தில் வேறு இனத்துச் சின்னக் காட்டுச்சேவல்கள் வெட்டவெளியில் குமுறுவது அவளுக்குக் கேட்டது. அந்தக் கனத்த சத்தங்களெல்லாம் இன்னும் அவளுடையவை.

பைன் தீவின் ஓரத்தில் பலகை முடிந்து பாசி தொடங்கும் இடத்தில் ஹெல்டுர் நின்றான். அவளும் நின்றாள். காதில் கை வைத்துக் கேட்டான். தலையைத் திருப்பாமல், இல்லை என்று ஆட்டினான்.

கொஞ்சம் உள்ளே போனார்கள். மறுபடி நின்றார்கள். மறுபடி இல்லை என்று ஆட்டினான். மரங்கள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே தெரியத் தொடங்கின. அவனுடைய முகம் தெரியவில்லை, தொப்பியின் பின்பக்கம்தான் தெரிந்தது. திரும்பினால் மூஞ்சியைப் பார்த்துவிடுவாள் என்று அவனுக்கும் தெரியும் போலிருக்கிறது. திரும்பவே இல்லை.

உர்வே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பி முன்னால் அழுவதைவிடச் சதுப்பில் விழுந்து செத்துப்போகலாம் என்று பல்லைக் கடித்தாள். கண் தரையிலேயே இருந்தது. அதனால்தான் பார்த்தாள்.

ஹெல்டுரின் வலது குதிகால் மேலே எழும்பியது. அழுந்தியிருந்த பாசியில் தண்ணீர் சுரந்தது. குதிகால் திரும்ப இறங்கியது. தண்ணீர் பக்கவாட்டில் ஒதுங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி குதிகால் எழும்பியது, கொஞ்சம் தயங்கியது, இறங்கியது.

குளிருக்குக் காலை மாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். குளிருக்கு மாற்றுகிறவன் இரண்டு காலையும் மாற்றுவான். இவனோ வலது காலை மட்டும், அதுவும் ஒரே அளவான இடைவெளியில். நடக்கப் புறப்படுவதுபோல எழும்பி, வேண்டாம் என்று யாரோ சொன்னதுபோல இறங்கியது. முற்றத்தின் மறுகோடியில் பான்கேக்குக்காக நின்ற பையனின் கால் அது. தலை இல்லை என்று ஆட்டியது. காலுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

உர்வே மெதுவாகக் குந்தினாள். கையை நீட்டி அவனுடைய பூட்ஸின் குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். அவன் விறைத்துப் போனான். ஆனாலும் அடுத்த கீச்சல் வந்தபோது அவள் உள்ளங்கைக்குள் அந்தக் குதிகால் தானாக எழும்பப் பார்த்தது. கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான்.

அவன் திரும்பிக் கீழே பார்த்தான். அவள் மேலே பார்த்தாள். இப்போது மூஞ்சி தெரிந்தது. அதில் கோபம் இல்லை. பிடிபட்டவனின் முகம்தான், சின்ன வயதில் ஜாம் ஜாடியோடு பிடிபட்டபோது இருந்த அதே முகம். இருவரும் பேச முடியாது, சேவல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பேசுவதென்றாலும் அந்த மூன்று மூச்சுக்குள்தான் பேச வேண்டும்.

அவன் காத்திருந்தான். பிறகு சாதாரணக் குரலில் சொன்னான்: "ஃபின்லாந்து, அக்கா."

நிறுத்திவிட்டான். அவள் குதிகாலை விடவில்லை. அது கைக்குள் எழும்பும்வரை பொறுத்திருந்து பதில் சொன்னாள்: "தெரியும்."

மறுபடி குதிகால் எழும்பியது.

"பாப்பா…" என்றான்.

ஒரு பாட்டு முழுவதும் பதில் தேடினாள். கால் எழும்பியபோது, "நட," என்றாள்.

அவள் எழுந்து அவன் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டாள். கண்ணை அவன் பூட்ஸிலிருந்து எடுக்கவில்லை. அவன் அடி எடுத்தால் இவளும் எடுத்தாள். அவன் நின்றால் இவளும் நின்றாள். நினைத்தால் எந்த நேரமும் அவன் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். தவறான நேரத்தில் ஒரு குச்சிமேல் கால் வைத்தால் போதும். சேவல் போய்விடும், படம் போய்விடும், வெள்ளிக்கிழமை முடிவாகிவிடும். தடுக்கிட்டேன் அக்கா என்று சொன்னால் யார் என்ன சொல்ல முடியும்? அவளுக்கு அது தெரியும். அவள் கைப்பிடி வழியாக அவனுக்கும் அது தெரிந்திருக்கும். ஒரு இடத்தில், உறைந்த காய்ந்த கிளை குறுக்கே கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். இரண்டு பாட்டு கடந்து போனது, அவன் நகரவில்லை. மூன்றாவதில் காலை உயரத் தூக்கி அதைத் தாண்டினான். அவளும் தாண்டினாள்.

அதற்குப் பிறகு அவன் ஆள் மாறிவிட்டான். தோள் இறங்கியது, கழுத்து முன்னால் நீண்டது. ஃபின்லாந்து, எந்திரம், அக்கா எல்லாம் மறந்து சேவலுக்கும் அவனுக்கும் மட்டும்தான் பேச்சு என்பதுபோல நடந்தான். ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது கீச்சல் நடுவிலேயே அறுந்துவிட்டது. வலது கால் அந்தரத்தில், இடது கால் முட்டிவரை பனித்தண்ணீரில். அப்படியே நின்றான். சேவலுக்கு என்னவோ சந்தேகம், பாடவில்லை. பாட்டு இல்லை என்று தலையாட்டியவன் ஒற்றைக் காலில் நடுங்கிக்கொண்டு நின்றான், அக்கா பின்னாலிருந்து வாரைப் பிடித்துத் தாங்கினாள். தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்குவது அவனுடைய முதுகின் நடுக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் கால் இறங்கியது. சேவல் மறுபடி பாடியிருக்கிறது.

பெரிய பைனின் பின்னால் வந்து நின்றார்கள். ஹெல்டுர் ஒதுங்கி அவளை முன்னால் விட்டான்.

சேவல் தரையில் இருந்தது. கைக்கு எட்டும் தூரம் இல்லைதான், ஆனால் அலகின் வளைவும் கண்ணுக்கு மேலே சிவப்பு மச்சமும் கழுத்தின் பச்சைப் பளபளப்பும் தெரியும் தூரம். வால் விரிந்திருந்தது. கழுத்து வானத்தைப் பார்த்து நீண்டிருந்தது. தொண்டையில் தாடிமயிர் சிலிர்த்து நடுங்கியது, அலகு திறந்து மூடியது. உடம்பு முழுதும் அதிர்ந்தது. பாடுகிறது. உயிரைக் கொடுத்துப் பாடுகிறது.

உர்வேக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுவதுபோல இருந்தது. எத்தனையோ வசந்தம் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அவள் நடந்திருக்கிறாள். அது இப்போது இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அழுகை வந்தது. அழுதாள். தம்பி பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். அழுதுகொண்டே கைப்பேசியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். விசும்பலில் படம் ஆடியது. ஹெல்டுர் பின்னாலிருந்து அவள் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினான். படம் நின்றது.

அவள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் மற்றொரு கையை அவள் கண் முன்னால் கொண்டுவந்து ஒரு விரலை நீட்டினான். இடப்பக்கம் காதைத் திருப்பினான். இன்னொரு விரல். வலப்பக்கம். மூன்றாவது விரல். இதையெல்லாம் யாரும் அவனைக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வெயில் வந்துவிட்டது. ஹெல்டுர் ஒரு பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, வெறும் காலுறையோடு காரை ஓட்டினான். ஆல்டர் தீவு அருகே வந்ததும் உர்வே, "நிறுத்து," என்றாள்.

இறங்கி அடிக்கட்டைகளுக்கு நடுவே போய் நின்றாள். அவன் காரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் கழற்றிய பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நொண்டி நொண்டி வந்தான்.

"அக்கா, இது போன வருஷம் நீ…"

"ஆமா. நான் இல்லன்னு சொன்னேன். நீ வெட்டின."

அவள் ராய்வோவை அழைத்து, அவன் குரல் வந்ததும் அவன் எதுவும் பேசும் முன்பே சொல்லத் தொடங்கினாள்.

"படம் அனுப்பறேன். ஒண்ணு பாடறது தெரியும். ஹெல்டுர் மூணு கேட்டான். பைன் தீவத் தொடக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு, குறுக்கப் பேசாத. எனக்குக் காது கேக்கல. கொக்கு கேக்குது, கார் கேக்குது, நீ பேசறது கேக்குது, சேவல் கேக்கல. எப்பலருந்துன்னு தெரியாது. போன வருஷம் ஆல்டர் தீவுல இல்லன்னு சொன்னேன், அத நம்பித்தான் வெட்டினீங்க. அது தப்பா இருக்கலாம். தப்புதான்னு நெனைக்கறேன். நெட்ட தீவும் கிழக்குக் கரையும் அமைதியா இருக்குன்னு சொன்னேன்ல, அதையும் நம்பாதீங்க. நான் சொன்னேன்னு இனிமே எதையும் நம்பாதீங்க."

"அப்ப நெட்ட தீவுக்குப் போய்க் கேக்கறது யாரு?" என்றான் ராய்வோ.

உர்வே கைப்பேசியை வைத்துவிட்டாள். கட்டைகளின் மேல் உருகிய உறைபனி வெயிலில் மினுங்கியது. இங்கே எத்தனை பாடியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதைச் செய்தவள் அவள்தான். துப்பாக்கி எடுத்துச் சுட்டிருந்தால்கூட இத்தனை விழுந்திருக்காது.

ஹெல்டுர் ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்து நனைந்த காலுறையைப் பிழிந்தான்.

"ஃபின்லாந்துக்காரன் ஜூன்லதான் கூப்பிடுவான்," என்றான்.

"மாரிகாகிட்ட நான் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ பேசினா சண்டதான் வரும்." காலுறையை மறுபடி மாட்டினான். "நெட்ட தீவுக்கு நாளைக்கே போகணும். பாட்டு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கும்."

உர்வே அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான்.

"அலாரம் வச்சுக்கறேன்," என்றாள்.

"வச்சு? அது கத்தினா உனக்குக் கேக்கவா போகுது. நான் வந்து கதவத் தட்டறேன்."

அவள் காரை நோக்கித் திரும்பினாள்.

"பலமாத் தட்டு," என்றாள்.